சாவகாசமாக ஒரு ரவுண்டு ஆட, கட்டுப்படியாகும் பொது கோல்ஃப் மைதானத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். நீங்கள் நாலு நண்பர்கள். இரண்டு பேர் அவ்வப்போது ஆடுபவர்கள், ஒருவர் கிளப்பைத் (பந்தடிக்கும் மட்டை) தொட்டே பல வருடம் ஆகிறது, இன்னொருவர் ரேஞ்சில் (பயிற்சித் திடல்) பந்தடித்துப் பார்த்ததோடு சரி. போட்டி, பந்தயம் எதுவும் இல்லை. ஒரு நாள் நிதானமாக ஆட வேண்டும், பர்ஸும் தாங்க வேண்டும். போய்வரக்கூடிய தூரத்தில் மூன்று பொது மைதானங்கள் இருக்கின்றன. ஒன்று நகராட்சி நடத்தும் பழைய 18 ஹோல் மைதானம் (முதல் அடியிலிருந்து குழி வரையான ஒவ்வொரு ஆட்டப் பகுதியும் ஒரு ஹோல்), கட்டணம் குறைவு, ஆனால் இணைய மதிப்புரைகளில் திட்டு வாங்குகிறது. இன்னொன்று புதிது, படங்களில் பளபளவென்று இருக்கிறது, பிற்பகலில் பாதி விலை என்று முன்பதிவு ஆப்பில் காட்டுகிறது. மூன்றாவது 9 ஹோல் சின்ன மைதானம். அது சின்னப் பிள்ளைகளுக்கு என்று உங்கள் நண்பர் ஒருவர் ஒதுக்கிவிட்டார். எது மலிவு என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கட்டணப் பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கொடுத்த காசுக்கு நாலு பேரும் எரிச்சலில்லாமல் ஆடி முடிக்க எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் நீங்கள் கேட்க வருகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் ஒரு பொது மைதானத்தில் பல வருடம் ஸ்டார்ட்டராக வேலை பார்த்தவன். முதல் டீ (ஒரு ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) பக்கத்தில் நின்று, பெயரைச் சரிபார்த்து, குழுக்களை ஒவ்வொன்றாக அனுப்புகிற வேலை. கோச் கிடையாது, புல் வளர்ப்பு நிபுணரும் கிடையாது, அதனால் உங்கள் ஸ்விங்கைப் பற்றியோ எந்தப் புல் உயர்ந்தது என்பதைப் பற்றியோ கேட்டால் நான் சரியான ஆள் இல்லை. ஆனால் கிளம்பும்போது மக்கள் எப்படி இருக்கிறார்கள், திரும்பும்போது எப்படி இருக்கிறார்கள் என்று தினமும் பார்த்திருக்கிறேன். முகம் சுளித்துக்கொண்டு வருபவர்களில் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) சரியில்லை என்பதற்காகச் சுளிப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு ஹோலிலும் காத்துக்கிடந்தது, பந்தைத் தேடியே பொழுது போனது, இந்த இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் உங்களைப் போன்ற குழுவுக்கு நான் பார்க்கச் சொல்லும் வரிசை: எத்தனை மணிக்கு ஆடப்போகிறீர்கள், மைதானம் எவ்வளவு நீளம், பந்து தொலையும் இடம் எவ்வளவு, அதற்கப்புறம்தான் கட்டணம், கடைசியில் புல்லின் அழகு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள்.

முதலில் 'பொது' என்பதைப் பற்றி ஒரு விஷயம். பொது மைதானம் என்றால் உறுப்பினர் அல்லாதவரும் காசு கொடுத்து ஆடலாம், அவ்வளவுதான். சுலபமான மைதானம் என்றோ மலிவானது என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. நியூயார்க் மாகாணத்தின் பெத்பேஜ் பிளாக் அரசுப் பூங்காவில் இருக்கும் பொது மைதானம்தான். 2002, 2009 இரண்டு வருடங்களிலும் பெரிய போட்டிகளில் ஒன்றான யு.எஸ். ஓபன் அங்கேதான் நடந்தது. இது மிகவும் கடினமான மைதானம், தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடுவது நல்லது என்று அங்கே எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். சான் டியாகோவின் டோரி பைன்ஸ் நகராட்சிக்குச் சொந்தமானது, அங்கேயும் 2008, 2021 ஆகிய வருடங்களில் யு.எஸ். ஓபன் நடந்திருக்கிறது. கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸும் பொது மைதானமே, ஆனால் அதில் ஆட ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் திறமை அதிகம்) சான்று காட்ட வேண்டும். அதே வளாகத்தில் பால்கோவ் என்று 9 ஹோல் மைதானம் ஒன்று குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் என்றே இருக்கிறது. உங்கள் குழுவுக்குப் பால்கோவ் மாதிரி ஒன்றுதான் தேவை, பெத்பேஜ் மாதிரி ஒன்று இல்லை. ஆக, யார் நடத்துகிறார்கள் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நகராட்சி மைதானமா, தினக்கட்டண மைதானமா, உறுப்பினர்களுக்கு முன்னுரிமை கொடுத்து மிச்ச நேரத்தை வெளியாட்களுக்கு விடும் மைதானமா, ரிசார்ட்டோடு சேர்ந்ததா என்பதெல்லாம் கட்டணம் எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லும். ஆட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லாது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது ஸ்கோர்கார்டு. பெரும்பாலான மைதானங்களின் இணையதளத்தில் அதன் படம் இருக்கும். மூன்றுக்கும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் மொத்த நீளத்தைப் பாருங்கள். ஒவ்வொரு டீக்கும் ஒரு நீளம் போட்டிருக்கும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 5-அயர்னில் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) நீங்கள் வழக்கமாக எவ்வளவு தூரம் அடிக்கிறீர்களோ அதை 36 ஆல் பெருக்குங்கள். 140 கெஜம் அடித்தால் 5,040 கெஜம், அதை ஒட்டிய நீளம்தான் உங்களுக்கான 18 ஹோல். என்றைக்கோ ஒரு நாள் காற்றும் சேர்ந்து தள்ளிப் போன தூரத்தை எடுக்கக் கூடாது, பத்து அடித்தால் ஏழெட்டு போய் விழுகிற தூரத்தை எடுக்க வேண்டும். 2011இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அமெரிக்க பி.ஜி.ஏ.வும் (தொழில்முறை கோல்ஃபர்கள் சங்கம்) சேர்ந்து, முன்னால் தள்ளி இருக்கும் டீயிலிருந்து ஆடுங்கள் என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். அதில் கொடுத்த அட்டவணையும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: டிரைவரில் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) 200 கெஜம் அடிப்பவருக்கு 5,200 முதல் 5,400 கெஜம், 250 அடிப்பவருக்கு 6,200 முதல் 6,400. 6,500 கெஜ மைதானத்தில் பின் டீயில் நின்று 190 கெஜம் அடிக்கிறவருக்குப் பல பார்-4 ஹோல்களில் (நாலு அடியில் முடிக்க வேண்டியவை) இரண்டாவது அடிக்கு கிரீன் எட்டாது. அப்புறம் பார் எடுப்பது எங்கே?

முன் டீ பெண்களுக்கு, வெள்ளை டீ ஆண்களுக்கு, பின் டீ கெட்டிக்காரர்களுக்கு என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டீக்கு ஆண் பெண் கிடையாது, அது வெறும் தூரம். முதல் டீயில் நான் கண்ட மிகச் சாதாரணமான காட்சி இது: நாலு பேரில் ஒருவர் பின் டீயைப் பார்த்து நடப்பார், மற்ற மூன்று பேரும் ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே போவார்கள், அந்த மூன்று பேருக்கும் அன்றைய ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் நாலு பேரும் ஒரே டீயில் ஆட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புதியவர் முன் டீயிலும், நன்றாக ஆடுபவர்கள் நடு டீயிலும் ஆடட்டும். அதனால் மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே குறைந்தது 5,000 கெஜத்தை ஒட்டி, முடிந்தால் அதற்கும் கீழே, ஒரு டீ இருக்கிறதா என்று பாருங்கள். முன் டீயே 5,600 என்று போட்டிருந்தால் அந்த மைதானம் உங்களை மனதில் வைத்துக் கட்டியது இல்லை.

அடுத்து ஸ்லோப் என்று ஒரு எண் இருக்கும். 55இலிருந்து 155 வரை போகும், 113 என்பது நடுவான அளவாக வைத்துக்கொண்டது. இதை மைதானத்தின் கடினத்துக்கான மதிப்பெண் என்று பலர் படிக்கிறார்கள். உண்மையில் அது தேர்ந்த ஆட்டக்காரருக்கும் சுமார் ஆட்டக்காரருக்கும் அந்த மைதானத்தில் எவ்வளவு இடைவெளி விழும் என்பதைக் காட்டுவது. பக்கத்திலேயே போட்டிருக்கும் கோர்ஸ் ரேட்டிங், ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர் (ஹேண்டிகேப் 0) ஒருவர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்கோர். போகி ஆட்டக்காரர், அதாவது ஹேண்டிகேப் சுமார் 20 இருப்பவர், எடுக்கக்கூடிய ஸ்கோரைத் தனியாகக் கணித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆண்களுக்கு 5.381 ஆல் பெருக்கினால் ஸ்லோப் வரும் (பெண்களுக்கு வேறு பெருக்கெண், 4.24). ஆண்கள் கணக்கில் ஸ்லோப் 113 என்றால் வித்தியாசம் 21 அடி, அதாவது 21 ஸ்ட்ரோக். 130 என்றால் சுமார் 24. ஆக, கோர்ஸ் ரேட்டிங் ஒன்றாக இருக்கும் இரண்டு மைதானங்களில் ஸ்லோப் 17 கூடினால் சுமார் ஆட்டக்காரருக்கு மூன்று அடி கூடும், அவ்வளவுதான். மூன்று அடிக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது இதுவரைதான். உங்களில் புதியவருக்கு இந்த எண் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது சந்தேகம்தான், ஏனென்றால் இந்தக் கணக்கில் போகி ஆட்டக்காரர் என்பவர் டீயிலிருந்து 200 கெஜம் அடிக்கத் தெரிந்தவர், பெண் என்றால் 150. பந்து மேலே எழும்புமா எழும்பாதா என்ற நிலையில் இருப்பவருக்கு ஸ்லோப் 118 ஆனால் என்ன, 132 ஆனால் என்ன. நான் ஸ்லோப்பை ஒரு சந்தேகக் கேள்வியாகத்தான் வைத்துக்கொள்வேன்: முன் டீயிலேயே 130க்கு மேல் இருந்தால், ஏன் என்று மைதானத்தின் படத்தைப் பார்ப்பேன்.

அந்த 'ஏன்' பெரும்பாலும் தண்ணீர்தான், அல்லது டீக்கு முன்னால் ஒரு பள்ளம். செயற்கைக்கோள் படத்தில் மைதானத்தை மேலிருந்து பாருங்கள். காசு செலவில்லாத வேலை, எனக்குத் தெரிந்து இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. டீயிலிருந்து ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையே வெட்டிய புல்வழி) வரை தரையோடு உருண்டு போக வழி இருக்கிறதா, அல்லது குளத்தைத் தாண்டியே ஆக வேண்டுமா? கிரீனுக்கு முன்னால் திறந்திருக்கிறதா, அல்லது குறுக்கே பங்கர் (மணல் குழி) அடைத்துக்கொண்டிருக்கிறதா? ஃபேர்வேக்கு இரு பக்கமும் பக்கத்து ஹோலின் ஃபேர்வே இருந்தால் ரொம்ப நல்லது, பந்து கோணலாகப் போனாலும் கிடைத்துவிடும். பழைய நகராட்சி மைதானங்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஹோல்கள் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு வரிசை மரம். புதிய மைதானங்கள் பல வீட்டுமனைகளுக்கு நடுவே ஓடுபவை. ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் புதர், இரண்டு பக்கமும் வெள்ளைக் குச்சி, அதாவது ஆட்ட எல்லை. அங்கே கோணலாகப் போன பந்து போனதுதான். ஒரு ரவுண்டில் ஆளுக்கு ஏழெட்டு பந்து தொலைத்தால் அதுவும் செலவு, அதைவிடப் பெரிய செலவு தேடுகிற நேரம்.

அதே படத்தில் இன்னொன்றும் தெரியும்: ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீ எவ்வளவு தூரம். பக்கத்திலேயே இருந்தால் நடந்து ஆடலாம். 18 ஹோல் நடந்தால் எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் வரும், கையால் தள்ளும் ட்ராலி இருந்தால் சாதாரண உடல்வாகு உள்ளவருக்கு அது பெரிய விஷயம் இல்லை. கிரீனை விட்டு இறங்கி, சாலையைக் கடந்து, கால் கிலோமீட்டர் போய் அடுத்த டீ என்றால் வண்டி இல்லாமல் முடியாது, அந்த மாதிரி மைதானங்களில் வண்டி எடுப்பதைக் கட்டாயமாகவும் வைத்திருப்பார்கள். இங்கேதான் உங்கள் இரண்டாவது மைதானத்தின் பாதி விலை கணக்கு உதைக்கலாம். ஆப்பில் காட்டும் தொகையில் வண்டி சேர்ந்திருக்கிறதா இல்லையா, வண்டி வாடகை தலைக்கா வண்டிக்கா, முன்பதிவுக் கட்டணம் தனியா, கிளப் வாடகை எவ்வளவு, சில இடங்களில் கேடி (பையைச் சுமந்து வரும் உதவியாளர்) கட்டாயம் என்பதால் அவருக்குக் கொடுப்பது எவ்வளவு, ரேஞ்ச் பந்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். இரண்டு பேருக்காவது கிளப் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அதில் மைதானத்துக்கு மைதானம் வித்தியாசம் பெரிதாக இருக்கும், சில இடங்களில் வாடகை செட் கிரீன் கட்டணத்தையே எட்டிவிடும். அரை செட் வாடகைக்குக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். விதி 14 கிளப் வரை அனுமதிக்கிறது என்பதற்காக 14 வேண்டியதில்லை, புதியவருக்கு ஆறேழே தாராளம். மொத்தம் போட்டுப் பார்த்தால் பலகையில் அதிகமாகத் தெரிந்த மைதானம் மலிவாக வருவதும் உண்டு.

பிற்பகல் சலுகை ஏமாற்று ஒன்றும் இல்லை, உண்மையிலேயே நல்ல விஷயம். மைதானத்துக்கு அந்த நேரம் காலியாகப் போகும், அதனால் குறைத்துக் கொடுக்கிறார்கள். சிக்கல் வெளிச்சம். நாலு பேர் 18 ஹோல் ஆட நன்றாகப் போனால் நாலு மணி நேரம், உங்கள் குழுவுக்கு நாலரை என்று வையுங்கள். அன்றைக்குச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து அதைப் பின்னோக்கிக் கழியுங்கள். சலுகை தொடங்கும் நேரம் அதற்கு முன்னால் வந்தால் சரி, பின்னால் வந்தால் நீங்கள் 13 ஹோலுக்கோ 14 ஹோலுக்கோதான் காசு கொடுக்கிறீர்கள். அது தெரிந்தே எடுத்தால் தப்பில்லை. வெளிச்சம் போய் நின்றுவிட்டால் மிச்சத்துக்குப் பணம் திரும்பாது, மழைக்கு வேண்டுமானால் சில இடங்களில் மறுநாள் ஆட சீட்டு கொடுப்பார்கள்.

ஆட்டம் எவ்வளவு நேரம் இழுக்கும் என்பது உங்கள் கையில் இருப்பதைவிட மைதானத்தின் கையில்தான் அதிகம். நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஒரு பார்-4 ஹோலில் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் இருக்க முடியும், ஒன்று கிரீனில், ஒன்று டீயில் அல்லது ஃபேர்வேயில். பார்-5இல் மூன்றுகூட நிற்கும். பார்-3இல் ஒன்றுதான், முன்னால் இருப்பவர்கள் கொடியைத் திரும்ப நட்டுவிட்டு விலகும்வரை பின்னால் இருப்பவர் அடிக்க முடியாது. சுமாராக ஆடும் நாலு பேர் ஒரு பார்-3ஐ முடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். இப்போது முதல் டீயில் ஏழு நிமிடத்துக்கு ஒரு குழு அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு குழுவும் அந்த முதல் பார்-3இல் மூன்று நிமிடம் பின்தங்கும், பத்தாவது குழு அங்கே போகும்போது அரை மணி நேரம் வரிசை நிற்கும். யாரும் தாமதம் செய்யவில்லை, யாரையும் மார்ஷல் (ஆட்ட வேகத்தைக் கவனிக்கும் ஊழியர்) போய் விரட்டியும் பயனில்லை. நான் வேலை பார்த்த மைதானத்தில் மூன்றாவது ஹோல் பார்-3, கூட்டமான நாட்களில் அந்த டீ பக்கத்தில் மூன்று வண்டிகள் எப்போதும் நிற்கும், ஒரு குழு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், இன்னொன்று இரண்டாவது கிரீனை விட்டு இறங்க மனமில்லாமல் புட்டிங் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவது) பழகிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்கோர்கார்டில் முதல் நாலு ஹோலுக்குள் பார்-3 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நாளின் முதல் சில நேரங்களில் ஒன்றை எடுங்கள், அல்லது கூட்டம் வடிந்த வார நாள் பிற்பகலில் போங்கள். எத்தனை நிமிட இடைவெளியில் அனுப்புகிறார்கள் என்பது முன்பதிவுப் பக்கத்திலேயே தெரியும்: 1:00, 1:07, 1:14 என்று போனால் நெருக்கம், 1:00, 1:10, 1:20 என்றால் மூச்சு விடலாம். 12 நிமிடம் கொடுக்கிற மைதானத்தில் கட்டணம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டாலும் நான் கொடுத்துவிடுவேன்.

மதிப்புரைகளுக்கு வருகிறேன், இவை சந்தேகப் பட்டியலில்தான் சேரும். நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், திட்டியிருப்பவர் எதற்காகத் திட்டுகிறார் என்று படியுங்கள். 'கிரீன் மெதுவாக ஓடுகிறது', 'பங்கரில் மணல் குறைவு', 'கிளப்ஹவுஸ் பழசு' என்பதெல்லாம் உங்களுக்குக் குறையே இல்லை. கிரீனின் வேகத்தை ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்வுக் கம்பியை வைத்து அளப்பார்கள், எட்வர்ட் ஸ்டிம்ப்ஸன் என்பவர் 1935இல் உருவாக்கியது. பெரிய போட்டிகளில் பந்து 12 அடியைத் தாண்டி உருளும், சாதாரண பொது மைதானங்களில் எட்டு, ஒன்பது அடி போகும். புதியவருக்கு மெதுவான கிரீன் வரம், ஐந்து புட் போட வேண்டிய இடத்தில் மூன்றில் முடியும். மாறாக 'ஐந்தரை மணி நேரம் ஆனது', 'ஐந்து பேர் குழுவையும் உள்ளே விட்டார்கள்', 'மார்ஷல் ஒருவரும் கண்ணில் படவில்லை' என்று வேறு வேறு மாதங்களில் வேறு வேறு ஆட்கள் எழுதியிருந்தால் அதை நம்புங்கள். தேதிகளையும் பாருங்கள். 'கிரீன் முழுக்க ஓட்டை, மணல்' என்று ஒரே வாரத்தில் நாலு பேர் கொதித்திருந்தால் அது ஏரேஷன் வாரம். மண் இறுகாமல் இருக்க கிரீனில் வரிசையாகத் துளை போட்டு மண்ணை எடுத்து மணல் நிரப்புவார்கள், ஆற இரண்டு மூன்று வாரமாவது ஆகும், குளிரில் இன்னும் இழுக்கும். எல்லா நல்ல மைதானமும் செய்கிற வேலைதான், அதற்காக மைதானத்தையே மோசம் என்பது அநியாயம்.

ஆனால் நீங்கள் போகிற நாள் அந்த வாரத்தில் விழக்கூடாது, ஆப்பில் தானாக அதைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே ஒரு போன் போடுங்கள். எடுப்பவர் ப்ரோ ஷாப்பில் (மைதானத்தின் கடை) இருப்பவர், காலை நெரிசல் முடிந்தபின் கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார். 'சமீபத்தில் ஏரேஷன் செய்தீர்களா, அல்லது செய்யப்போகிறீர்களா?', 'எல்லா கிரீனும் திறந்திருக்கிறதா, தற்காலிக கிரீன் ஏதாவது உண்டா?', 'வண்டியை ஃபேர்வேயில் விடலாமா, பாதையோடு மட்டும்தானா?', 'அன்றைக்கு எங்களுக்கு முன்னால் போட்டியோ லீகோ இருக்கிறதா?' இதெல்லாம் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள், நேராகப் பதில் வரும். பாதையோடு மட்டும் என்றால் வண்டிக்குக் கொடுக்கும் காசு பாதி வீண், ஒவ்வொரு அடிக்கும் பாதையிலிருந்து பந்துக்குக் குறுக்கே நடந்து, தப்பான கிளப்பை எடுத்து வந்தோம் என்று திரும்ப ஓடி, ரவுண்டே அரை மணி நேரம் நீளும். கடைசியாக ஒரு கேள்வி: 'எங்களில் ஒருவர் புதியவர், எந்த நேரத்தில் வந்தால் யாருக்கும் தொந்தரவு இருக்காது?' இந்தக் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை வைத்தே அந்த மைதானம் உங்களை எப்படி நடத்தும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். கிட்டத்தட்டத்தான். போனில் தேனாகப் பேசி, நேரில் கண்டுகொள்ளாத இடங்களும் உண்டு.

உடை பற்றியும் அதே போனில் கேட்டுவிடுங்கள். காலர் வைத்த சட்டை போதும், உலோக முள் வைத்த ஷூ பெரும்பாலும் கூடாது, இவற்றைத் தவிர பொது மைதானங்களில் கெடுபிடி குறைவு.

நீங்கள் சொன்ன மூன்றில் எது என்றால், நான் முதலில் அந்த 9 ஹோல் மைதானத்தைத்தான் பார்ப்பேன், உங்கள் நண்பர் கோபித்துக்கொண்டாலும் சரி. அது எல்லாம் பார்-3ஆக இருக்கும் மைதானமா, அல்லது நடுவில் இரண்டு மூன்று பார்-4 உள்ளதா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் யோசிக்கவே வேண்டாம், டிரைவரும் அடிக்கலாம், இரண்டு மணி நேரத்தில் முடியும், எல்லோருக்கும் தெம்பு இருந்தால் இன்னொரு சுற்று போகலாம், இரண்டாவது சுற்றுக்குப் பல இடங்களில் குறைத்தே வாங்குவார்கள். அதே சமயம் பெரிய மைதானங்களில் 9 ஹோல் கட்டணம் 18இன் பாதியாக இருக்காது, பாதிக்கு மேலேயே இருக்கும். எல்லாம் பார்-3, அதுவும் நூறு கெஜத்துக்குள் என்றால் நன்றாக ஆடும் இரண்டு பேருக்கு அலுத்துவிடும், அப்போது நகராட்சி மைதானத்துக்குப் போங்கள், வார நாள் பிற்பகல், முன் டீ, நடந்து. புதிய மைதானம் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். தாண்டியே ஆக வேண்டிய தண்ணீரும் கட்டாய வண்டியும் இல்லை என்று உறுதியானால் என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளத் தயார்.

எங்கே போனாலும் ஆட்டத்தை இலகுவாக்க விதிகளிலேயே இடம் இருக்கிறது. 2019இல் விதிகளை மாற்றியபோது பந்தைத் தேட ஐந்து நிமிடம் என்பதை மூன்றாகக் குறைத்தார்கள், கொடியை எடுக்காமலே புட் செய்யலாம் என்றார்கள், தயாராக இருப்பவர் முதலில் அடிக்கலாம் என்பதையும் ஊக்குவித்தார்கள். பந்து தொலைந்தால் டீக்குத் திரும்பிப் போகாமல், தொலைந்த இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரத்தில் இரண்டு அடி தண்டனையோடு போட்டு ஆட மைதானங்கள் உள்ளூர் விதி வைத்துக்கொள்ளலாம், ஸ்கோர்கார்டின் பின்பக்கம் அது அச்சிட்டிருக்கும். அச்சிடாவிட்டாலும் உங்களுக்குள் அப்படி ஆடுவதை யார் தடுக்கப்போகிறார்கள்? பாரின் இரண்டு மடங்கைத் தாண்டினால் பந்தை எடுத்துவிடுவது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், குறிப்பாகப் புதியவர் சங்கடப்படாமல் இருக்க.

முன்பதிவை நாலு பேருக்காகவே போடுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனால் ஸ்டார்ட்டர் தனியாக வந்திருக்கும் ஒருவரை உங்களோடு சேர்த்து அனுப்பக்கூடும், பொது மைதானத்தில் அது வழக்கம். வராதவருக்கும் சேர்த்துப் பணம் பிடிப்பார்களா, எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும் என்பதை ஆப்பில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், காசு கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள். ஸ்கோர்கார்டு படங்களை இங்கே போட்டால் எந்த டீ யாருக்கு என்று பார்த்துச் சொல்கிறேன்.